ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர்: சூடேறும் பழைய பிக்கப்புக்கு முதலில் வாங்க வேண்டிய பெட்டி

டெம்பரேச்சர் முள் அடிக்கடி மேலே ஏறுகிறது, ஊற்றிய கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எங்கே போகிறதென்று தெரியாமல் குறைகிறது, வண்டியோ பழைய பிக்கப். இந்த நிலைமையில் இருப்பவர்கள் புது ரேடியேட்டர், புது வாட்டர் பம்ப் என்று பாகம் பாகமாக மாற்றத் தொடங்கும் முன், கூலிங் சிஸ்டத்தில் அழுத்தம் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடிக்கும் ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் கிட் ஒன்றை வாங்கிவிடுங்கள். கொஞ்ச காலமாகவே கையில் வைத்துப் பயன்படுத்திவிட்டுத்தான் சொல்கிறேன். குறைகள் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் என் வண்டியின் சூட்டுப் பிரச்சினையில் ஆளாளுக்குச் சொன்ன ஊகங்களை நிறுத்தி, இதோ இங்கேதான் என்று காட்டிய முதல் சாமான் இதுதான்.

பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கைப் பம்ப். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்பைக் குட்டையாக்கியது போல இருக்கும். அதன் தலையில் வட்டமான கேஜ், பக்கத்தில் அழுத்தத்தை வெளியேற்றும் ஒரு சின்ன பித்தளை வால்வு. பம்ப்பிலிருந்து ஒரு ஹோஸ் புறப்பட்டு, பட்டென்று மாட்டும் கப்ளரில் முடிகிறது. மீதி இடமெல்லாம் அடாப்டர்கள். ரேடியேட்டர் கேப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கழுத்தில் கேப்புக்குப் பதிலாக மாட்ட வேண்டியவை இவை. வண்டிக்கு வண்டி கழுத்தின் அகலமும் ஆழமும் மாறும் என்பதால் இத்தனை வகை. கேப்பையே தனியாகச் சோதிக்க ஒரு துண்டுக் குழாயும் இருக்கிறது. பெரிய பிராண்ட் எதுவும் இல்லை, பிளாஸ்டிக் பெட்டியில் வரும் சாதாரண கிட்தான் என்னுடையது.

வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கார்புரேட்டர் போட்ட நாலு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப். ஃபேன் மோட்டாரில் ஓடுவதில்லை; வாட்டர் பம்ப் தண்டின் முனையில், விஸ்கஸ் கிளட்ச் என்ற எண்ணெய் இணைப்பு வழியாக, பெல்ட் இழுப்பில் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்கேனரைச் சொருக இடமும் கிடையாது. டேஷ்போர்டில் இருக்கும் ஒரு முள், அதுதான் இன்ஜின் நம்மோடு பேசும் ஒரே மொழி. பாரம் ஏற்றி மேடு ஏறினால் அந்த முள் சிவப்புக் கோட்டை நெருங்கும். சமவெளியில் சீராக ஓடினால் இறங்கிவிடும். நெரிசலில் நின்றாலும் மெல்ல ஏறும். ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் வண்டி நின்ற இடத்தில் தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

இதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு பாகத்தின் பெயரைச் சொன்னார்கள். ரேடியேட்டர் அடைத்திருக்கும் என்றார் ஒருவர். சூட்டுக்கேற்ப கூலன்ட்டுக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியச் சொன்னார் இன்னொருவர். ஒரு ஒர்க்‌ஷாப்பில், பானெட்டைத் திறந்து அரை நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போயிருக்கும், ஹெட்டை இறக்கிவிடலாம் என்றார்கள். கூலன்ட் காணாமல் போகிறது, வெளியே கசிவு இல்லை என்றால் உள்ளேதான் எரிகிறது என்பது அவர்கள் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹெட்டை இறக்குவது சின்ன வேலையில்லை. இறக்கினால் அடி முகத்தைச் சமன்செய்யும் ஃபேஸிங் வேலை, புது கேஸ்கட், போல்ட்டுகள் என்று நீண்டுகொண்டே போகும். ஒரு சோதனைகூடச் செய்யாமல் அந்த முடிவுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

இங்கே கொஞ்சம் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கிட் என்ன கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இன்ஜினுக்குள் ஹெட்டின் சூடான இடங்களில் அந்த அளவு சீக்கிரமே தாண்டிவிடும். அதனால்தான் கூலிங் சிஸ்டத்தை மூடி, அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும். ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் (அழுத்தத்தை அளக்கும் அலகு) ஏறக்குறைய ஒன்றரை டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். 13 பிஎஸ்ஐ கேப் ஒழுங்காக வேலை செய்தால் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும். ஆக, ரேடியேட்டர் கேப் என்பது வெறும் மூடி இல்லை, அது ஒரு வால்வு. அந்த வால்வோ, ஏதாவது ஒரு ஹோஸோ அழுத்தத்தைப் பிடித்து வைக்காவிட்டால், ரேடியேட்டரும் பம்ப்பும் புத்தம்புதிதாக இருந்தாலும் மேட்டில் கூலன்ட் கொதிக்கும். கொதித்த இடத்தில் ஆவிக் குமிழ். குமிழ் இருக்கும் இடத்தில் இரும்பிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்ளத் திரவம் இல்லை. முள் பறப்பது அதனால்தான்.

கேப்பின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். 0.9 என்றால் சுமார் 13 பிஎஸ்ஐ, 1.1 என்றால் சுமார் 16. சோதனையில் அந்த அளவுக்கு மேல் பம்ப் அடிக்கவே கூடாது. பழைய ரேடியேட்டரின் ஈய ஒட்டும் கேபினைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோரும் அதைத் தாங்கும் என்று உத்தரவாதமில்லை. கிட்டின் கேஜ் 35 பிஎஸ்ஐ வரை காட்டுகிறது என்பதற்காக அதுவரை அடித்துப் பார்ப்பது சோதனையே இல்லை, வண்டியைக் கெடுப்பது.

சரி, சோதனைக்கு வருவோம். இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும், இரவெல்லாம் நின்ற வண்டி என்றால் உத்தமம். சூடான ரேடியேட்டரின் கேப்பை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். அழுத்தம் போனதும் உள்ளே இருக்கும் கூலன்ட் அந்த நொடியே கொதித்து முகத்தில் பீறிடும், துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாலும் ஆபத்துதான். குளிர்ந்த பிறகு கேப்பைக் கழற்றி, கழுத்து வரை கூலன்ட் நிரப்பி, கழுத்தின் உள் விளிம்பைத் துணியால் துடைத்து, அடாப்டரின் ரப்பரைக் கொஞ்சம் ஈரமாக்கி மாட்டினேன். பம்ப்பைக் கோத்து மெதுவாக அடித்தால் முள் 13க்கு வருகிறது. கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் முள் அசையாமல் நின்றால் சிஸ்டம் மூடியிருக்கிறது என்று பொருள்.

என் வண்டியில் நிற்கவில்லை. பார்க்கும்போது தெரியாது, வேறு பக்கம் போய்விட்டு வந்து பார்த்தால் 13 இருந்த இடத்தில் 11. திரும்ப அடித்தேன், திரும்ப இறங்கியது. இந்தக் கட்டத்தில்தான் கிட்டின் உண்மையான பயன் தெரிகிறது. இன்ஜின் ஓடவில்லை, ஃபேன் சுற்றவில்லை, எதுவும் சுடவில்லை. அழுத்தம் மட்டும் ஓடும் வண்டியில் இருப்பது போலவே உள்ளே இருக்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு நிதானமாக எல்லா இடத்தையும் தடவிப் பார்க்கலாம்.

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், இரண்டு முனைகளிலும் காய்ந்தே இருந்தன. வாட்டர் பம்ப்புக்கு அடியில், தண்டுக்குக் கீழே, ஒரு சின்ன ஓட்டை உண்டு. பம்ப்பின் சீல் தேய்ந்தால் கூலன்ட் அதன் வழியாகத்தான் சொட்டும், பேரிங்குக்குள் போகாமல் வெளியே விடுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். அங்கும் ஈரமில்லை. ரேடியேட்டரின் மேல் டாங்கும் கோரும் சேரும் ஒட்டு நன்றாக இருந்தது. கேபினுக்குள் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஹீட்டர் கோர் கசிந்தால் அங்கே பிசுபிசுப்பு இருக்கும், கண்ணாடியிலும் இனிப்பு வாசனையோடு ஒரு படலம் படியும். அதுவும் இல்லை.

கடைசியில் அகப்பட்டது இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். அங்கே ஒரு குட்டி பைபாஸ் ஹோஸ் இருக்கிறது, விரல் நீளம்தான். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கண்ணாடித் துண்டை உள்ளே நீட்டி டார்ச்சைக் காட்டியதும், கிளாம்ப்பின் ஓரத்தில் ஒரு முத்து மாதிரி கூலன்ட் திரண்டு, பெருத்து, அப்படியே ஹோஸின் வயிற்றுப் பக்கம் வழுக்கி மறைந்தது. பம்ப்பை ஒரு அடி அடித்தால் அடுத்த முத்து. அந்த இடத்தைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்த மாதிரி ஒரு பொருக்கு. கூலன்ட் காய்ந்த தடம் அது. ஓடும்போது அந்த இடம் எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கசிந்த ஒவ்வொரு சொட்டும் தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடுகிறது. தரை காய்ந்தே இருந்ததற்கும், கூலன்ட் உள்ளே எரிகிறது என்ற ஊகத்துக்கும் இவ்வளவுதான் காரணம்.

அதே நாளில் கேப்பையும் சோதித்தேன். துண்டுக் குழாயின் ஒரு பக்கம் கேப், மறு பக்கம் பம்ப். கேப்பின் ரப்பரைத் தண்ணீரில் நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். நல்ல கேப் என்றால் அச்சிட்ட அளவுக்குப் பக்கத்தில் வந்து காற்றை விடும், அதற்குக் கீழே முள்ளைப் பிடித்து நிறுத்தும். என்னுடையது 6ஐத் தாண்டவே இல்லை, உஸ்ஸென்று விட்டுவிட்டது. 13க்குப் பதில் 6 என்றால் வெறும் தண்ணீரின் கொதிநிலைக் கணக்கில் 118லிருந்து 110க்கு இறங்கிவிடுகிறது. மேட்டில் பாரத்தோடு முள் எகிறியதற்கு இதுவே பெரிய காரணம். பார்வைக்கு அந்தக் கேப்பில் எந்தக் குறையும் இல்லை. ரப்பரில் வெடிப்பு இல்லை, ஸ்ப்ரிங் துருப்பிடிக்கவில்லை. கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லக்கூடிய கேப்தான். சூடேறும் வண்டியில் மாற்றுவதற்கு மிகச் சுலபமான பாகம், ஆனால் யாரும் சந்தேகப்படாத பாகமும் அதுதான்.

ஹோஸையும் கிளாம்ப்பையும் கேப்பையும் மாற்றி, திரும்ப டெஸ்டரை மாட்டினேன். 13ல் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முள் ஆணி அடித்தது போல நின்றது. அந்த நிம்மதியைப் புது ரேடியேட்டர் வாங்கியிருந்தாலும் பெற்றிருக்க முடியாது, ஏனென்றால் அப்போதும் அந்த பைபாஸ் ஹோஸ் அங்கேயே கசிந்துகொண்டு இருந்திருக்கும்.

இனி கிட்டின் குறைகள். முதலாவது, கேஜ். 0 முதல் 35 வரை ஒரே வட்டத்தில் அடைத்திருப்பதால், நமக்குத் தேவையான 7 முதல் 16 வரையிலான பகுதி குறுகிப்போய்விடுகிறது. ஒரு பிஎஸ்ஐ இறங்கினதா இல்லையா என்பதைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மெல்லிய கசிவைத் தேடும்போது இது உறுத்தும். ஆரம்பித்த இடத்தில் கேஜ் கண்ணாடியின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுகிறேன், அது உதவுகிறது. இரண்டாவது, அடாப்டர்களின் மேல் எந்த வண்டிக்கு எது என்ற விவரம் இல்லை. நிறம் மட்டும் இருக்கிறது. கூட வரும் காகிதத்தில் அட்டவணை உண்டு, ஆனால் எழுத்து மிகச் சின்னது, பழைய மாடல்கள் பல அதில் இல்லை. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துத்தான் பொருத்தமானதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆழம் தவறான அடாப்டர் திருகி உட்கார்ந்துவிடும், ஆனால் அடியில் ரப்பர் தொடாது. அப்போது காற்று ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும், வண்டியில் கசிவு இருப்பது போலத் தோன்றும்.

மூன்றாவது குறைதான் முக்கியமானது. கிட்டே கசிந்தால்? என்னுடையதில் கப்ளருக்குள் இருக்கும் ஓ-ரிங் வந்தபோதே காய்ந்து போயிருந்தது. டெஸ்டர் கசிந்தால் வண்டி கசிகிறது என்று நம்பி, இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்போம். அதனால் வண்டியில் மாட்டும் முன்னால், நல்லதென்று தெரிந்த ஒரு கேப்பைத் துண்டுக் குழாயில் மாட்டி, 10 பிஎஸ்ஐக்கு ஏற்றி, கிட் தன்னளவில் அழுத்தத்தைப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். ஓ-ரிங்கை மாற்றி, கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவியதும் சரியாகிவிட்டது. பம்ப், ஹோஸ், வால்வு எதிலும் இதுவரை தொந்தரவு இல்லை. வால்வு மெதுவாகத் திறக்கிறது, அழுத்தம் ஒரேயடியாகப் போகாமல் கட்டுப்பாட்டில் இறங்குகிறது, அது பாராட்ட வேண்டிய விஷயம். அடாப்டரைக் கழற்றும் முன் அந்த வால்வைத் திறந்து கேஜ் 0 காட்டுகிறதா என்று பார்ப்பதை மறக்காதீர்கள்.

குளிர்ந்த வண்டியில் மட்டும் சோதித்தால் போதுமா என்று கேட்டால், போதாது. சில கசிவுகள் குளிரில் மட்டும் திறக்கும், சில சூட்டில் மட்டும். குளிர்ந்திருக்கும்போதே டெஸ்டரை மாட்டிவிட்டு, இன்ஜினை ஓட விட்டுச் சூடாகும் வரை கேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கூலன்ட் விரியும்போது அழுத்தம் தானாக ஏறும், கேப் அளவைத் தாண்டாமல் வால்வால் குறைத்துக்கொள்ள வேண்டும். ஹோஸும் கையும் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல், சூடான இன்ஜினை நிறுத்திவிட்டுச் சோதித்தால், ஆறும்போது முள் தானாகவே கொஞ்சம் இறங்கும். அதைக் கசிவென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஹெட் கேஸ்கட் பயம் இருப்பவர்களுக்கும் இந்த ஓடும் சோதனை ஒரு தடயம் தரும். டெஸ்டரை 0வில் வைத்து, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும், கூலன்ட் சூடாவதற்கு முன்பே முள் சரசரவென்று ஏறினால், அந்த அழுத்தம் சூட்டால் வந்தது இல்லை, சிலிண்டரிலிருந்து வருவது. உடனே இன்ஜினை நிறுத்தி அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். முள் மெதுவாக, சூட்டோடு சேர்ந்து ஏறினால் அது இயல்பு. என்னுடையது மெதுவாகத்தான் ஏறியது. இருந்தாலும் ஒர்க்‌ஷாப்பில் சொன்னது மனசில் நின்றதால் பிளாக் டெஸ்டர் என்ற இன்னொரு சாமானும் வாங்கினேன். அதைப் பற்றியும் நாலு வரி.

பிளாக் டெஸ்டர் என்பது ஒரு குழாய், மேலே ரப்பர் பல்ப், உள்ளே நீல நிறத் திரவம். புரோமோதைமால் புளூ என்ற சாயம் அது, கார்பன் டை ஆக்ஸைடு பட்டால் மஞ்சளாகும். ரேடியேட்டரில் கூலன்ட்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கழுத்துக்குள் இருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்ச வேண்டும். கூலன்ட் துளி திரவத்தில் கலந்துவிட்டால் அந்தத் திரவம் வீண், கொட்டிவிட்டு வேறு ஊற்ற வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் அந்தச் சமயத்தில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வரவில்லை என்று அர்த்தம். திரவம் உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் எக்ஸாஸ்ட் குழாயின் வாயில் பிடித்து உறிஞ்சினால் மஞ்சளாக வேண்டும். என் வண்டியில் ரேடியேட்டர் கழுத்தில் நீலம் மாறவில்லை, எக்ஸாஸ்ட்டில் உடனே மஞ்சளாகியது. ஹெட்டை இறக்கும் பேச்சு அத்தோடு முடிந்தது. பெட்ரோல் வண்டிக்கு இது நல்ல சோதனை. டீசல் இன்ஜின் சும்மா ஓடும்போது நிறையக் காற்றோடு எரிவதால் புகையில் கார்பன் டை ஆக்ஸைடின் பங்கு குறைவு, நிறம் அவ்வளவு தெளிவாக மாறாது. டீசல் வைத்திருப்பவர்கள் இதன் முடிவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பிரஷர் டெஸ்டர் எதைச் சொல்லாது என்பதையும் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவர்கள் ஏமாந்துபோவார்கள். சிஸ்டம் மூடியிருக்கிறதா என்ற ஒரே கேள்விக்குத்தான் அது பதில் தருகிறது. கூலன்ட் சுற்றுகிறதா, ரேடியேட்டர் வழியாகக் காற்று போகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதனிடம் பதில் இல்லை. என் வண்டியிலேயே அது தெரிந்தது. ஹோஸும் கேப்பும் மாற்றிய பிறகு மேட்டில் முள் அடங்கிவிட்டது. நெரிசலில் நின்றால் ஏறுவது மட்டும் அப்படியே இருந்தது.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வேகமாக ஓடும்போது சரியாக இருந்து, நிற்கும்போது சூடேறினால் காற்றைச் சந்தேகப்பட வேண்டும். ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றே போதும்; நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்தில் சூடேறினால் கூலன்ட் ஓட்டத்தைச் சந்தேகப்பட வேண்டும்: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப் இம்பெல்லர், வேகத்தில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். சில வண்டிகளில் கீழ் ஹோஸுக்குள் ஒரு ஸ்ப்ரிங் இருக்கும், அது துருப்பிடித்துக் கரைந்துபோனால் ஹோஸ் ஒட்டிக்கொள்ளும்.

என்னுடையது முதல் வகை. இங்கே டெஸ்டரைப் பெட்டியில் வைத்துவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்தேன். பளபளப்பான உலோகத்தின் மேல் அதைக் காட்டினால் அளவு குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் காட்டினால் நம்பலாம். முதலில் டேஷ்போர்டு முள்ளே உண்மை சொல்கிறதா என்று பார்த்தேன். சென்சாரின் வயரோ எர்த்தோ துருப்பிடித்தால் முள் தப்பாகக் காட்டக்கூடும், இல்லாத சூட்டுக்கு வண்டியைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. என் முள் உண்மையைத்தான் சொன்னது. தெர்மோஸ்டாட் 82 டிகிரி வகை. வண்டி சூடாகும்போது மேல் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்திருந்து, 80ஐத் தாண்டியதும் சட்டென்று சுட ஆரம்பித்தது, ஆகவே அது திறக்கிறது. ரேடியேட்டரின் முகத்தில் வரிசையாகக் காட்டிக்கொண்டு போனேன். குழாய்கள் அடைத்திருந்தால் அந்தப் பகுதி மட்டும் தனியாகக் குளிர்ந்து கிடக்கும். அப்படி எதுவும் இல்லை.

மிச்சம் இருந்தது ஃபேன் கிளட்ச், முதலில் சொன்ன விஸ்கஸ் கிளட்ச்தான். அதற்குள் சிலிகான் எண்ணெய், முகப்பில் சுருள் வடிவத்தில் ஒரு பைமெட்டல் தகடு. ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் அந்தச் சுருள் வளைந்து ஒரு வால்வைத் திறக்கும், எண்ணெய் உள்ளே பாய்ந்து ஃபேனைப் பிடித்து இழுக்கும். அந்த நேரத்தில் ஒரு இரைச்சல் கேட்கும், பழைய பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். என் வண்டியில் 100 டிகிரியைத் தாண்டியும் அந்த இரைச்சல் வரவில்லை. இன்ஜினை நிறுத்தி ஃபேனைக் கையால் தள்ளினேன். நல்ல கிளட்ச் என்றால் பிசுக்கென்று ஒரு தடை இருக்கும், தள்ளின கையோடு நின்றுவிடும். இது தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனது. மையத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒரு வளையம். உள்ளே இருந்த எண்ணெய் வெளியே வந்துவிட்டது. கிளட்ச்சை மாற்றிய பிறகு நெரிசலிலும் முள் நடுவில் நிற்கிறது, மேல் ஹோஸ் 90 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் ஷ்ரவுடைக் கழற்றிப்போட்டு ஓட்டும் பழக்கம் பல பழைய வண்டிகளில் இருக்கிறது, தயவுசெய்து அதைத் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டரின் முழு முகத்திலிருந்தும் காற்றை இழுக்காது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது காரணத்தை மறைக்கும், தீர்க்காது. இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெயில் ஈரம் தங்கும். சந்தேகமாக இருந்தால் கழற்றி, தெர்மாமீட்டரோடு சூடு தண்ணீரில் போட்டு, அச்சிட்ட டிகிரியில் திறக்கிறதா என்று பாருங்கள். திரும்ப மாட்டும்போது அதன் விளிம்பில் லேசாக ஆடிக்கொண்டிருக்கும் குட்டி ஊசி மேல் பக்கம் வர வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி. கசிவை அடைக்கும் பொடியும் திரவமும் விற்கிறார்கள். பழைய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டர் கோரையும் அவை அடைத்துவிடலாம். பைபாஸ் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்ததற்கு அதை ஊற்றியிருந்தால் என் வண்டிக்கு இன்னொரு நோய் சேர்ந்திருக்கும்.

யாருக்கு இந்தப் பிரஷர் டெஸ்டர் வேண்டும்? கூலன்ட் குறைகிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களும் கையில் வைத்திருக்கலாம், விற்பவர் சம்மதித்தால் கால் மணி நேரத்தில் அந்த வண்டியின் கூலிங் சிஸ்டம் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். கூலன்ட் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை, நிற்கும்போது மட்டும் சூடேறுகிறது என்றால் முதலில் தெர்மாமீட்டரும் ஃபேன் கிளட்ச்சும். இந்தக் கிட் அப்புறம். ஒரே வண்டி வைத்திருப்பவர்களுக்கு அத்தனை அடாப்டர்கள் கொண்ட பெரிய பெட்டி அவசியமில்லை. தன் வண்டிக்குப் பொருந்தும் ஒரே அடாப்டரும், கேப்பைச் சோதிக்கும் துண்டுக் குழாயும் கூட வரும் சின்ன கிட், 20 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் கேஜோடு கிடைத்தால், அதையே எடுங்கள். முள்ளின் அசைவு அதில் தெளிவாகத் தெரியும். எதை வாங்கினாலும் ரேடியேட்டர் கேப்பைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், அடாப்டரின் ரப்பர் கேப்பின் ரப்பர் இருக்கும் அதே ஆழத்தில் உட்காருகிறதா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டி ஆறியிருக்கும்போது.